அங்க அடையாளம்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. "எந்தக் காலேஜ்ல படிச்சா என்ன சார், திறமைதான் முக்கியம்" என்று அடக்கமாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டு, "அங்க படிச்ச நானே சொல்றேன்" என்று ஒரு வாலையும் சேர்ப்பார்கள். "எங்க?" என்று நீங்கள் கேட்கும்வரை விட மாட்டார்கள். கேட்டுத் தொலையுங்கள். பஸ்ஸைப் பிடிக்க வேண்டாமா?

எங்கள் பெயின்ட் கம்பெனியின் உதவி மேலாளர் இந்த வகையில் அசல் சரக்கு. அங்கே அவர் படித்தது மூன்றே வருடம். வெளியே வந்து முப்பத்தைந்து வருடமாகிறது. ஆனாலும் மின்விசிறி கிறீச்சிட்டால் "அங்க ஹாஸ்டல்லயும் இப்படித்தான்" என்பார், டீ ஆறிப்போனால் அங்கே ஆறிய டீயின் மகத்துவம் பேசுவார், மழை பெய்தால் அங்கே பெய்த மழை இதைவிடக் கொஞ்சம் அறிவாளி என்பதுபோல் ஜன்னலைப் பார்ப்பார். "வயித்துவலி எத்தனை நாளா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "அங்க படிக்கும்போதே லேசா இருந்துச்சு" என்றாராம். "எங்க?" என்று டாக்டர் கேட்டதுமே பாதி வலி போய்விட்டதாம்.

போன வருடம் ஊழியர் கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு, "விண்ணப்பத்துல காலேஜ் பேர் கேக்குற கட்டத்தையே எடுத்துடணும்!" என்று மேசையைத் தட்டினார். கைதட்டல் பிரமாதம். வந்தது வினை. நிர்வாகம் நிஜமாகவே எடுத்துவிட்டது.

இந்த வருடம் கிளை மேலாளர் பதவி காலியானது. இதை விட்டால் உதவி மேலாளராகவே ஓய்வு பெற வேண்டியதுதான். மனிதர் விண்ணப்பப் படிவத்தை வாங்கி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"என்னப்பா இது, காலேஜ் பேருக்குக் கட்டமே காணோம்?"

"நீங்கதானே சார் எடுக்கச் சொன்னீங்க?"

"சொன்னா? எடுத்துடறதா?"

அதற்காகச் சும்மா விடுவாரா? 'அங்க அடையாளம்' என்ற தலைப்பைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. தனக்காகவே அச்சடித்தது என்று நினைத்திருப்பார். "இடது முழங்காலில் தழும்பு" என்று எழுதி, எந்தக் கல்லூரியின் நூலகப் படியில் சறுக்கியது என்பதை முழுப் பெயரோடும் தொடங்கிய ஆண்டோடும் சேர்த்தார். 'ஒவ்வாமை' என்ற இடத்தில் அந்தக் கல்லூரி விடுதியின் சாப்பாடு. 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற இடத்தில் மனைவி பெயரை அடித்துவிட்டு, அங்குள்ள பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர்!

கடைசியில் ஒரு பெரிய கட்டம் இருந்தது. 'கடந்த பத்து வருடங்களில் நீங்கள் செய்தவை.' அரைப் பக்கம். பேனா அங்கே நின்றுவிட்டது. டீ வந்தது, ஆறியது, அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது.

"ஏதாவது எழுதுங்க சார்."

"என்ன எழுத?" என்றார் மெதுவாக.

பதவி, கிடங்குப் பொறுப்பாளராக இருந்த ஓர் அம்மாவுக்குப் போனது. டின்னிலேயே காய்ந்து வீணாகும் சரக்கைப் பாதியாகக் குறைத்தவர், பெயின்ட் நிறம் மாறிப்போனதற்காகச் சண்டைக்கு வந்த கடைக்காரர்களைச் சிரிக்கவைத்து அனுப்பியவர், அரைப் பக்கம் போதாமல் தனித்தாள் வாங்கி எழுதியவர். இதெல்லாம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும், செய்தி வந்த நிமிஷமே உதவி மேலாளர் என் காதருகே குனிந்தார்.

"அந்தம்மா எங்க படிச்சாங்க?"

எனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.

அட, நீங்கள் எதற்கு அடுத்த வரியில் அதைத் தேடுகிறீர்கள்?