கண்டத்தார் பரிசல் ஏறிய காலை

தாராபுரம் வட்டாரத்திலேயே தண்ணீரைக் கண்டு பயப்படும் ஆள் ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் எங்கள் ஆற்றுத்திட்டுக்குத் தபால்காரராகப் போட்டார்கள்.

அமராவதி எங்கள் ஊரை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போகிறது. அணையைத் திறந்துவிட்டால் பரிசல்தான் வழி. தபால்காரருக்கோ தண்ணீரில் கண்டம் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். அதனால் அவர் பெயர் கண்டத்தார். சொந்தப் பெயரை அவர் மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

அக்கரையில் நின்று கத்துவார். ஆள் பரிசலில் போனால் தபால் கிடைக்கும். போகாவிட்டால் ஆறு வற்றும்வரை அது பையிலேயே இருக்கும். கல்யாணப் பத்திரிகை எங்கள் கைக்கு வரும்போது அந்தத் தம்பதியின் குழந்தைக்குக் காது குத்தியிருப்பார்கள்.

கவரைப் பிரிப்பது குற்றம், வெயிலில் தூக்கிப் பிடிப்பது குற்றமில்லை என்பது அவர் கட்சி.

"ஏனுங்க பழனியண்ணா! ஹெல்மெட் போடலைன்னு ஃபைன் வந்திருக்குதுங்க! போட்டோவுல பின்னாடி ஒரு அம்மிணி உக்காந்திருக்காங்க!"

இக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பழனியின் மனைவி நிமிர்ந்தார். "என்ன கலர் சேலைங்க?"

"கறுப்பு வெள்ளைப் போட்டோங்க! கலர் தெரியிலீங்க!"

பிரிண்டரில் கலர் மை தீர்ந்திருந்ததால் பழனி பிழைத்தார்.

பக்கத்து வீட்டுச் செந்தில் திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். அவனுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அவன் தலையில் இருந்தது விக். பெண்ணுக்குத் தெரியும், அவளுடைய பெரியப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் தட்டை மாற்றமாட்டார். அந்த வாரம் பார்த்து விக் ஃபேன் காற்றில் பறந்து, துணி அடுக்கோடு சேர்ந்து அரைக்கை பனியன் அளவுக்கு வெட்டுப்பட்டது. புதியது தபாலில் வரவேண்டும்.

நிச்சயத்தன்று காலை, அக்கரையில் பெண்வீட்டார் பழத்தட்டுகளோடு பரிசலில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இக்கரையில் வரவேற்க ஊரே நின்றது. செந்தில் தலையில் துண்டு கட்டியிருந்தான். அப்போதுதான் அக்கரையில் கண்டத்தார் சைக்கிளில் வந்து இறங்கினார். பார்சலை எடுத்தார். அதன்மேல் விக் கடையின் பெயர் பெரிதாக அச்சாகியிருந்தது. கத்துவதற்காகக் கையைக் குவித்து வாயில் வைத்தார்.

இங்கிருந்து செந்தில் துண்டைத் தொட்டுக் காட்டி, தலைக்கு மேல் கை கூப்பினான்.

கண்டத்தார் பார்சலைப் பார்த்தார். பரிசலில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பார்சலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பரிசலில் காலை வைத்தார்.

"ஏனுங்க, இது ஆறுங்க!" என்று பதறினார் பரிசல்காரர் மாரப்பன்.

"தெரியுதுங்க. வுடுங்க."

கண்ணை இறுக மூடி, பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு 'முருகா, முருகா' என்றபடியே வந்தார். கட்டிப் பிடித்தது பெரியப்பாவை.

"சட்டைக்குள்ள என்னுங்க பொடச்சிட்டு இருக்குது?" என்று கேட்டார் பெரியப்பா.

"வீக்கமுங்க. பயந்தா வீங்கிக்குமுங்க."

இக்கரை வந்ததும் செந்திலை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப்போனார். திரும்பி வந்தபோது வீக்கம் வற்றியிருந்தது. மாப்பிள்ளைக்கு முடி இருந்தது. தட்டு மாறியது.

ஆனால் கண்டத்தார் திரும்பிப் போகப் பரிசல் ஏற மறுத்துவிட்டார். அணைத் தண்ணீர் நிற்கும்வரை எங்கள் ஊரிலேயே தங்கினார். தபால் சுத்தமாக நின்றுபோனது. யாரும் கேட்கவில்லை. அவருக்கு எந்த வீட்டில் சாப்பாடு என்பதில்தான் போட்டி. எங்கள் வீட்டு முறை வருவதற்குள் ஆறு வற்றிவிட்டது. அம்மாவுக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.