மீன் வரும் நேரம்

பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை தன் அறைக் கதவை ஒரு ஜீவனும் தட்டக் கூடாது என்று வரைபடக்காரர் முடிவு செய்தார். வீட்டில் அவரைத் தவிர இருந்த ஜீவன் ஒன்றே ஒன்றுதான், அவருடைய மனைவி. ஆனாலும் முடிவு முடிவுதான்.

மண்ணுக்கடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்களைக் கம்ப்யூட்டரில் வரைவது அவர் தொழில். வீட்டிலிருந்தே வேலை. அதைச் சொல்லி வீட்டின் ஒரே தனியறையை அவர் எப்போதோ பிடித்துக்கொண்டார். மனைவிக்குப் பிழை திருத்தும் வேலை. அச்சுக்குப் போகுமுன் புத்தகங்களை வரிவரியாகப் படிப்பாள். அவளுக்குக் கிடைத்தது சாப்பாட்டு மேசை. சாப்பாட்டு நேரம் வந்தால் தாள்களை அள்ளிக்கொண்டுபோய்க் கூடத்துக் கட்டிலில் போட வேண்டும், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து பரப்ப வேண்டும். போன மாதம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் எண்ணெய்க் கறையோடு போய், பதிப்பகத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"ஏங்க, நர்சுங்களுக்கான கையேடு ஒண்ணு வருது," என்றாள் ஒருநாள். "பக்கம் பக்கமா மருந்து அளவு. ஒரு புள்ளி தள்ளிப் போனா ஒரு உயிர் போயிடும். கதவைச் சாத்திக்கிட்டுப் படிக்கணும். மத்தியானம் மூணு மணி நேரம் மட்டும் அந்த ரூமைக் குடுங்களேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"மத்தியானமா? அப்பத்தானே என் மூளையே ஓடும்."

"ஓடுதா?"

"பிச்சுக்கிட்டு ஓடுது."

மத்தியானம் ஓடுவது அவருடைய மூச்சு மட்டும்தான். இரண்டு பத்துக்கு அறைச் சோபாவில் சாய்ந்தால் எழுந்திருக்க நாலரை ஆகும். சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. காலை ஆறு மணிக்கே உட்கார்ந்து அன்றைய வேலையைப் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுகிற மனிதர். 'வேலை முடிஞ்சுது, தூங்கப் போறேன்' என்று கட்டிய மனைவியிடம் சொல்ல வெட்கம். அந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருப்பதற்காக அவர் உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டித் திரை வாங்கிவந்து, கதவுக்குப் பக்கத்துச் சுவரில், சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி மாட்டினார்.

திரையில் பளிச்சென்று எழுத்து வந்தது. 'உள்ளே வேலை நடக்கிறது. தட்ட வேண்டாம்.' அதற்குக் கீழே சின்னதாக, 'வரைபடம் 9'.

மாட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். விளக்கவும் செய்தார்.

"இதுல ரெண்டு வகை இருக்கு. கடிகாரம், மீன் தொட்டி, இதெல்லாம் இதுக்குள்ளயே இருக்கிறது. செஞ்சவங்களே வச்சு அனுப்பிட்டாங்க. யார் தயவும் வேண்டாம். இந்த அறிவிப்பு, நான் எந்தப் படத்துல இருக்கேங்கிறது, இதெல்லாம் உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் அனுப்புறது. அது அனுப்பினாத்தான் இங்க தெரியும்."

"அனுப்பலன்னா?"

"மீன் வந்துடும்."

"எப்ப அனுப்பாது?"

"நிறுத்திட்டா அனுப்பாது. பத்து நிமிஷம் யாரும் தொடலன்னா அதுவே தூங்கிடும், அப்பவும் அனுப்பாது."

"ஓ," என்றாள் மனைவி.

பிழை திருத்துகிறவர்கள் 'ஓ' என்றால் எதையோ குறித்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகியும் அது அவருக்குப் பிடிபடவில்லை.

ஒரு வாரம் கதவு தட்டப்படவே இல்லை. ராஜா மாதிரி தூங்கினார். செவ்வாய்க்கிழமை காலை காபி கொடுத்துக்கொண்டே மனைவி சொன்னாள்:

"அந்த ஆரஞ்சு மீன் அழகா இருக்குங்க."

"எந்த மீன்?"

"ரெண்டு இருபதுக்கு வருமே, அது. நாலரைக்குப் போயிடுது. நேத்து மட்டும் நாலே முக்கால்."

டம்ளரைக் கீழே வைத்தார். "அது... நான் காகிதத்துல வரைஞ்சுக்கிட்டிருந்தேன்."

"நான் பிழைன்னு சொல்லலியே. பிழைன்னு உறுதியாத் தெரியாத இடத்துல நாங்க கை வைக்கமாட்டோம். ஓரத்துல ஒரு கேள்விக்குறி போடுவோம், அவ்வளவுதான். எழுதினவர்தான் பதில் சொல்லணும்."

பதில் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நம்மவர் நேராக அறைக்குள் போய், இனி எக்காலத்திலும் தூங்கக் கூடாது என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை போட்டார்.

அன்று மத்தியானம் சோபாவில் சாய்ந்தபோது மனசு என்னவோ உறுத்தியது. கம்ப்யூட்டர் கைவிட்டாலும் அந்தத் திரைக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு மீன் தொட்டி இருக்கிறது. ஆபீஸ்காரர்கள் வேலை அனுப்பாவிட்டால் தனக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள், யாரும் பார்க்காவிட்டாலும், எண்ணெய்ப் பிசுக்கு மேசையில் ஒவ்வொரு புள்ளியாகத் தேடிக்கொண்டிருப்பாள். தான் செய்வது அநியாயம் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. இப்படி ஆழமாகச் சிந்தித்துக்கொண்டே தூங்கிவிட்டார்.

செவ்வாய் மீன் வரவில்லை. புதன் வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை நாலரைக்குக் கண் விழித்தால், அவருடைய நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். கீபோர்டை மரியாதையாக ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, மேசை முழுக்கத் தாள்களைப் பரப்பியிருந்தாள்.

"மீன்தான் வரலியே, எப்படிக் கண்டுபிடிச்ச?" தூக்கக் கலக்கத்தில் உளறிவிட்டார்.

"காலையில அரை மணிக்கு ஒரு படம் மாறுது. மத்தியானம் ரெண்டு மணிக்குப் பன்னெண்டுன்னா நாலரைக்கும் பன்னெண்டுதான். மீனாவது நகர்ந்துக்கிட்டிருந்துச்சு."

"அந்தக் கையேட்டுக்கு..."

"காலையிலயே சரின்னு சொல்லிட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியே."

"செவ்வாய்க்கிழமையே கேள்விக்குறி போட்டேன். பதில் வரல. அச்சுக்கு நேரமாச்சு." அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தூங்கறேன்னு சொல்லியிருந்தா கூடத்துக் கட்டில்ல போர்வை விரிச்சு வச்சிருப்பேன். இந்தச் சோபாவுல கழுத்து என்னத்துக்காகும்?"

"வேலையெல்லாம் முடிச்சுட்டுத்தான் தூங்கறேன்."

"தெரியும். அதனாலதான் சண்டை போடல."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவருக்கு அவமானமாக இருந்தது, அவள்மேல் பிரியமாகவும் இருந்தது. இரண்டையும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சமையலறைக்குப் போய் இரண்டு டீ போட்டார். திரும்பி வந்தால் கதவு சாத்தியிருந்தது. பக்கத்தில் திரை பளிச்சென்று எரிந்தது. 'உள்ளே வேலை நடக்கிறது. தட்ட வேண்டாம்.' மாட்டிய நாளிலிருந்து பிற்பகலில் அது உண்மை சொன்னது அன்றைக்குத்தான்.

"டீ கொண்டு வந்திருக்கேன்," என்றார் கதவிடம்.

"வெளியில என்ன எழுதியிருக்குன்னு படிங்க," என்றது கதவு.

விதி அவருடையது, மீற மனசு வரவில்லை. வேலை முடிந்தால் மீன் வரும், அப்போது தட்டலாம் என்று இரண்டு டீயோடும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரிடம் இனித் தூங்கவே கூடாது என்று சொல்லி வைத்தவர் தான்தான் என்பது, இரண்டு டீயும் ஆறி ஏடு கட்டிய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.