முடிச்சு அவிழாத பைகள்

விருது தனக்குத்தான் வரப்போகிறது என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து முடிச்சுக்காரருக்கு வாயில் வைத்த ரொட்டி உள்ளே இறங்கவில்லை.

இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சாமான் கொடுக்கும் உணவு வங்கியின் பின்கட்டில், பை கட்டும் நீள மேசைக்கு முன்னால் நின்றிருந்தார். எதிரே அறிவிப்புப் பலகை. ‘இந்த ஆண்டின் சிறந்த தொண்டர்’ என்று மேலே கொட்டை எழுத்து. கீழே பென்சிலால் அவர் பெயர்.

“பென்சில்தானே, பயப்படாதீங்க” என்றார் பக்கத்தில் பருப்பு அளந்துகொண்டிருந்த டீச்சரம்மா. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். “அழிச்சாலும் அழிப்பாங்க.”

“அழிப்பாங்கன்றீங்க?”

“ஏங்க, விருது குடுக்கிறாங்கன்னா சந்தோஷப்படாம மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?”

தொங்காமல் என்ன செய்யும்? மேலாளர் மேடத்துக்கு ஒரு கொள்கை இருந்தது. உழைத்தவருக்கு ஓய்வுதான் பரிசு. விருது வாங்கியவர் மறுநாளிலிருந்து வர வேண்டியதில்லை. வர வேண்டியதில்லை என்றால் வரக்கூடாது என்று அர்த்தம். சுவரில் உயரத்தில் மூன்று வருஷத்து ஆட்கள் கேடயத்தைப் பிடித்தபடி கண்ணாடிச் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களெல்லாம் இப்போது எங்கே என்று முடிச்சுக்காரர் ஒரு தடவை கேட்டார். “ஓய்வுல இருக்காங்க ஐயா” என்றார் மேடம். ‘போய்ச் சேர்ந்துட்டாங்க’ என்று சொல்லும் குரல் அது.

முடிச்சுக்காரர் முப்பத்து நாலு வருஷம் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்கியவர். வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். சட்டையை எப்படிப் போட்டாலும் ஒரு பக்கம் நழுவும். மனைவி இருந்தவரை அதை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் போய்ப் பதினாலு மாதம். மகள் கடல் தாண்டி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். “சாப்பிட்டீங்களாப்பா?” “ம்.” “மாத்திரை?” “ம்.” “சரிப்பா, வச்சிடட்டுமா?” அதற்கும் “ம்” தான்.

மனைவி போன புதிதில் ஒருநாள் கடையில் தீப்பெட்டி கேட்க வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. இருமிப் பார்த்தார், செருமிப் பார்த்தார், கடைசியில் கையால் காட்டி வாங்கிக்கொண்டு வந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதற்கு முன் நாலு நாளாக அவர் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அதற்கடுத்த வாரம்தான் உணவு வங்கிக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே பதினோரு மாதமாகப் பை கட்டுகிறார். அவர் போடுவது கிட்டங்கி முடிச்சு. எவ்வளவு தூரம் தூக்கிப்போனாலும் தளராது. கயிற்றின் வலது வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் பொலபொலவென்று அவிழும். இடது வாலை இழுத்தால் பல்லால் கடித்தாலும் அவிழாது. அதனால் வந்த பெயர். தினமும் சாயங்காலம் கிளம்பும்போது டீச்சரம்மா கைப்பையை மாட்டிக்கொண்டே கேட்பார்: “நாளைக்கு வருவீங்கல்ல?”

உலகத்தில் அவரை யாராவது கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே ராத்திரி படுத்து, காலையில் எழுந்தார்.

அதனால், பென்சிலோடு இருக்கும்போதே இதை அழித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

முதலில் நேர்வழி. மேடத்தின் அறைக்குப் போனார்.

“மேடம், எனக்கு அந்த விருதெல்லாம் வேணாம். வேற யாருக்காச்சும் குடுத்துருங்க.”

மேடம் எழுந்தே நின்றுவிட்டார். கண் கலங்கியது. “ஐயா, இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். வேணாம்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்.”

“இல்ல மேடம், நெஜமாவே வேணாம்.”

“அதைத்தான் சொல்றேன்! இந்தப் பணிவு யாருக்கு வரும்?”

மத்தியானம் பலகையில் பென்சிலுக்கு மேல் பேனா ஓடியிருந்தது.

சரக்கு வண்டி ஓட்டுநர் வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். “என்ன முடிச்சண்ணே, பேனாவுக்கு ஏறிட்டீங்க போல?”

“வயித்தெரிச்சலைக் கிளப்பாத தம்பி. அது என்ன பக்கத்துல?”

ஓட்டுநர் மூன்று பைகளை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். முன்வாசலில் நன்கொடைப் பெட்டி ஒன்று இருந்தது. போகிறவர் வருகிறவர் அரிசியோ டப்பாவோ போட்டுவிட்டுப் போவார்கள். அதில் தினமும் இரண்டு மூன்று பைகள் இப்படித் திரும்பி வந்தன. காலையில் இதே மேசையில் கட்டி, முன்பக்க ஜன்னல் வழியாக வரிசைக்குக் கொடுத்த பைகள். அவருடைய முடிச்சு, போட்டது போட்டபடி.

“வாங்கிட்டுப் போறவன் எதுக்குக் கொண்டாந்து போடணும்?” என்றார் முடிச்சுக்காரர். “பிடிக்கலைன்னா வரிசையில எதுக்கு நிக்கணும்? யாருய்யா அது?”

“நமக்கென்ன தெரியும்ணே” என்று ஓட்டுநர் எங்கோ பார்த்தார். “வரிசையில நிக்கிறவங்களை ஒண்ணும் கேக்கக்கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்கல்ல.”

முடிச்சுக்காரருக்கு அது முள்ளாகக் குத்தியது. திறந்துகூடப் பார்க்காத அளவுக்குத் தன் கை கசந்துவிட்டதா? முன்பக்கம் போய்ப் பார்த்துவிடலாம் என்றால், பை கட்டுகிறவர்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஜன்னலில் நின்று கொடுப்பதற்கு மாதத்துக்கு ஒரு கல்லூரியிலிருந்து புதுப்பிள்ளைகள் வருவார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்பதெல்லாம் குரல்கள்தான். அதில் ஒரு குரல் தினமும் வாயாடும். “பாப்பா, டப்பாவைக் கீழ வச்சு ரொட்டியை மேல வைக்கச் சொல்லும்மா, நசுங்குதுல்ல. அப்புறம், உங்க ஊர்ல மழையா?” அந்த ஆள் வந்தால் வரிசை நகராது. வாங்கித் தின்கிற இடத்தில் யோசனை வேறா என்று முடிச்சுக்காரர் கறுவுவார்.

நேர்வழி சரிப்படவில்லை. அடுத்த வாரம் முடிச்சுக்காரர் தாமதமாக வந்தார்.

வாழ்க்கையில் ஒரு நாளும் வேலைக்குத் தாமதமாகப் போகாதவர். எப்படித் தாமதிப்பது என்றே தெரியவில்லை. வழக்கம்போல அதிகாலையில் கிளம்பி, உணவு வங்கிக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார். டீச்சரம்மா உள்ளே போவதைப் பார்த்தார். பத்து மணித் தேநீர் உள்ளே போவதைப் பார்த்தார். எச்சில் ஊறியது. மூன்று நாள் இப்படி வெயிலில் காய்ந்து, பதினொரு மணிக்கு உள்ளே போனார்.

நாலாம் நாள் மேடம் கூப்பிட்டார். அப்பாடா, திட்டப்போகிறார் என்று முடிச்சுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

“ஐயா, மன்னிச்சிடுங்க. நாங்க கவனிக்காம விட்டுட்டோம்.”

“என்ன மேடம்?”

“உடம்பு முடியலை உங்களுக்கு. எதிர்ல பேருந்து நிறுத்தத்துல உக்காந்து உக்காந்து, மூச்சு வாங்கி, அப்புறம் வர்றீங்களாம். டீச்சரம்மா ஜன்னல் வழியாப் பாத்துட்டு அழுதுட்டாங்க. இந்த உடம்போட வர்றீங்களேய்யா!”

விருதோடு ஒரு சாய்வு நாற்காலியும் சேர்ந்தது.

இனி ஒரே வழி. வேலையைக் கெடுப்பது. எல்லாப் பையிலும் ஒரே மாதிரி போட வேண்டும் என்பதுதான் இந்த இடத்தின் சட்டம். முடிச்சுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பையில் நாலு சோப்பு, ஒரு பையில் முழுக்க உருளைக்கிழங்கு, இன்னொரு பையில் பருப்பும் பருப்புக்கு மேல் பருப்பும் என்று நாள் முழுக்கக் கட்டித் தள்ளினார். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு மூட்டைகூட மாற்றி இறக்காத கை.

மறுநாள் காலை முன்வாசலில் ஒரே சத்தம். சண்டை மூண்டுவிட்டது என்று நிம்மதியாகக் காது கொடுத்தார்.

“எனக்கு நாலு சோப்பு எதுக்கு, இந்தாம்மா, அந்தக் கிழங்கைக் குடு!”

“என் பையன் பருப்புன்னா உயிரை விடுவான், இப்படித் தள்ளுங்க!”

“ஏங்க, அடுத்த தெருவுலதான் இருக்கீங்களா? இத்தனை நாளா வரிசையில பின்னாடி நிக்கிறேன், முகத்தைப் பாத்ததே இல்ல!”

வழக்கமாகத் தலையைக் குனிந்து பையை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், அன்றைக்கு முற்றத்தில் வட்டம் கட்டி உட்கார்ந்து மாற்றிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் யாரும் கிளம்பவில்லை. மேடம் மாடியிலிருந்து பார்த்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடி வந்தார்.

“யாரோட யோசனை இது?”

மேசையைச் சுற்றியிருந்த எல்லா விரலும் முடிச்சுக்காரர் பக்கம் நீண்டன.

“மேடம், அது தப்பு... தெரியாம...”

“பணிவு!” என்று மேடம் கத்தினார். அன்று மாலையே அச்சகத்துக்கு ஆள் போனது. பலகையில் பேனாவால் இருந்த பெயர், இப்போது வாசலில் பத்தடிப் பதாகையில் படத்தோடு தொங்கியது.

விழா சனிக்கிழமை நடந்தது. மேடம் பேசினார். “வருஷா வருஷம் நம்ம சேவை வளருது. நாம விருது குடுக்கக் குடுக்க, முன்வாசல் வரிசையும் நீண்டுகிட்டேதான் போகுது!” கைதட்டினார்கள். கேடயம் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். “ஐயா இனிமே இங்க கால் வைக்கக்கூடாது! பழக்கதோஷத்துல வந்தாலும் யாரும் உள்ள விடக்கூடாது!” என்றதற்குக் கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

கிளம்பும்போது டீச்சரம்மா கைப்பையை மாட்டிக்கொண்டார். “நாளை...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். முடிச்சுக்காரர் நழுவிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஓட்டுநர்தான் நாற்காலியையும் அவரையும் வீட்டில் இறக்கினார். வீடு என்பது டயர்க் கடைக்கு மேலே ஒரே அறை. நாற்காலியைப் போட்டதும் கதவு பாதிதான் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் பேசினாள்.

“சூப்பர்ப்பா! இனிமே ஹாயா உக்காருங்க. சாப்பிட்டீங்களா?”

“ம்.”

திங்கட்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கேடயத்தில் தன் முகம் கோணலாகத் தெரிவதைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமையும் அதையே பார்த்தார். புதன்கிழமை காலை பால் வாங்கப் போனவர், கடைக்காரரிடம் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

பாலை வாங்காமல் நேரே உணவு வங்கிக்கு நடந்தார்.

பின்வாசலில் ஓட்டுநர் குறுக்கே கையை நீட்டினார். “அண்ணே, மேடம் பாத்தா என் தோலை உரிச்சிடுவாங்க.”

முடிச்சுக்காரர் செருமிக்கொண்டு எப்படியோ குரலைக் கொண்டுவந்தார். “ஒரே ஒரு மணி நேரம் தம்பி. சும்மா ஓரமா நின்னுட்டுப் போறேன்.”

“முடியாதுண்ணே.” ஓட்டுநர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “முன்வாசல்ல யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

முடிச்சுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. உழைத்துத் தின்ற உடம்பு. கைநீட்டி ஒரு பிடி வாங்கியதில்லை. திரும்பி நாலு எட்டு வைத்தார். திரும்பிப் போனால் அந்த நாற்காலி. நின்றார். மேல்துண்டை எடுத்துத் தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போய் வரிசையின் கடைசியில் நின்றார். தரையைப் பார்த்தபடி நின்றார்.

அவருக்கு முன்னால் தொப்பி போட்ட ஒரு கிழவர் நின்றார். அவருக்கு முன்னால் குடையோடு ஒரு அம்மாள். அந்த அம்மாளுக்கு முன்னால் ஊன்றுகோலோடு ஒருவர். தொப்பிக்காரர் மெல்லத் திரும்பி, இறங்கிய வலது தோளைப் பார்த்தார். துண்டுக்குள் குனிந்து முகத்தைப் பார்த்தார். பிறகு, தடுப்புக்கு அந்தப் பக்கம் தினமும் கேட்ட அதே வாயாடிக் குரலில் சொன்னார்:

“இந்த வருஷம் நீங்களா? வாங்க வாங்க, நான் போன வருஷம், குடைக்காரம்மா அதுக்கு முந்தின வருஷம், கம்பு வச்சிருக்கவரு மொத வருஷம். பையை மட்டும் அவிழ்க்காம அப்படியே பெட்டியில போட்டுரணும், சரியா, நாளைக்கு வருவீங்கல்ல?”