வலீஸ் அண்ணன் பார்த்துக் கொடுத்த ஏரிக்கரை

ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். அதற்கு மேல் பள்ளிக்கூடத்தால் என்னைத் தாங்க முடியவில்லை. சைக்கிளில் ஆணி மூட்டை கட்டித் தெருத்தெருவாக விற்று, ரெட்டியார்பாளையத்தில் தகரக் கொட்டகை போட்டு, அந்தக் கொட்டகையை மூன்று மாடி ஹார்டுவேர்ஸ் கடையாக்கினேன். கருவடிக்குப்பத்தில் பாம்பு படுத்திருந்த மனையை வாங்கி எட்டுக் குடித்தனத்துக்கு வீடு கட்டினேன். பாம்பு உடனே காலி செய்துவிட்டது, குடித்தனக்காரர்கள்தான் மாட்டேன் என்கிறார்கள். வீராம்பட்டினம் தேரில் பாதி நட்டு போல்ட்டு என் கடைச் சரக்கு. தேர் வரும்போது ஊரே அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். நான் குனிந்து நட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

இப்பேர்ப்பட்ட என்னை மூன்று டாக்டர்களும் இரண்டு ஜோசியர்களும் என் மாமியாரும் சேர்ந்து செய்ய வைக்க முடியாத ஒரு காரியத்தைச் செய்ய வைத்தவர், இந்தப் புதுச்சேரி முழுவதிலும் ஒரே ஆள்தான். அவர் என்னைச் சும்மா உட்கார வைத்தார்.

அவர் பெயர் வலீஸ் அண்ணன். நிஜப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். வலீஸ் என்றால் பிரெஞ்சில் பெட்டி. சின்ன வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அந்தப் பக்கம் போனவர், பட்டாளம் முடிந்ததும் ஊர் திரும்பாமல் இத்தாலியில் ஏரிக்கரை ஓட்டல்களில் பெட்டி தூக்கும் வேலைக்குப் போய்விட்டார். பதினெட்டு வருஷம் தூக்கினார். திரும்பி வந்து என் கடைக்கு எதிர் மாடியில் குடியேறியபோது கையில் பெட்டியே இல்லை. "இவ்ளோ நாளு அடுத்தவன் பெட்டிய தூக்கியாச்சு, எனக்கு ஒண்ணு எதுக்கு?" என்றார்.

ஆனால் கை சும்மா இருக்குமா? எதிரே வருகிறவர் கையில் பை இருந்தால், வணக்கம் சொல்வதற்கு முன்னால் அதை வாங்கி ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்துவிடுவார். பார்த்துவிட்டு ஜாதகம் சொல்வார். எங்கள் தெருவில் ஒரு மாப்பிள்ளை பையன் கல்யாணமான மறுவாரம் கோபித்துக்கொண்டு பெட்டியோடு வீட்டைவிட்டுக் கிளம்பினான். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். வலீஸ் அண்ணன் குறுக்கே போய்ப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "யாரும் அழாதீங்க. ரெண்டே சட்டைதான் கீது. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவான்" என்றார். வந்துவிட்டான்.

என் மானமும் அவர் கையில்தான் போனது. அந்தக் காலத்தில் நான் எங்கே போனாலும் கறுப்புத் தோல் பெட்டி ஒன்றை எடுத்துப் போவேன். எண் பூட்டு போட்டது. பார்க்கிறவர்கள் உள்ளே பத்திரங்களும் ஒப்பந்தங்களும் இருப்பதாக நினைக்க வேண்டும். ஒருநாள் கடை வாசலில் நாலு பேர் நடுவில் வலீஸ் அண்ணன் அதை வாங்கித் தூக்கினார். முகம் வாடிப்போனது.

"தம்பி, ஒரு சீப்பு, ஒரு பேப்பரு. அவ்ளோதானா?"

சீப்பும் பேப்பரும்தான். அன்றிலிருந்து சீப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். யூரோ நோட்டு புதுசாக வந்து, எங்கள் ஊர்க்காரர்கள் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். பாரீசுக்குப் பக்கத்தில் குடித்தனம் இருக்கும் என் மகள் போன் செய்து, "அப்பா, இந்த வருஷம் நீயும் அம்மாவும் வந்தே ஆவணும். எங்கயாச்சும் ஒரு பத்து நாள் தனியா தங்கிட்டு வாங்க. அம்மா எங்க கேக்குதோ அங்க" என்றாள்.

என் மனைவி அஞ்சலை கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் என்னிடம் இன்னது வேண்டும் என்று கேட்டதில்லை. கேட்கிற நேரத்தில் நான் வீட்டில் இருந்ததில்லை என்பது வேறு விஷயம். அன்று போனை வாங்கி, டி.வி.யில் பார்த்தாளாம், இத்தாலியில் மலைக்கு நடுவில் ஏரி, கரையில் ஊர். "அங்க தண்ணி ஓரமா உக்காரணும்டி. உங்கப்பாவும் கூட உக்காரணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

இரண்டாவது பாதி என் காதிலேயே விழவில்லை. நான் அதற்குள் ஓட்டல் தேட ஆரம்பித்துவிட்டேன்.

என் சகலை, அதாவது அஞ்சலையின் தங்கை புருஷன், சிங்கப்பூரில் இருபத்திரண்டு மாடி ஓட்டலில் தங்கிவிட்டு வந்து ஒன்றரை வருஷமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவர் வாயை மூடுவதற்கு எத்தனை மாடி தேவையோ அத்தனை மாடி எனக்கு வேண்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அங்கே இருந்த பெண்ணைத் தட்டச் சொல்லி, இருப்பதிலேயே பெரிய ஓட்டல்களாக ஆறு ஓட்டல் படம் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றிலும் சரவிளக்கு. ஒன்றில் குளிக்கும் அறையிலும் சரவிளக்கு.

கத்தையை வலீஸ் அண்ணன் முன்னால் போட்டு, "இதுல எது பெரிசுன்னு மட்டும் சொல்லுங்கண்ணே" என்றேன்.

அவர் சரவிளக்கைப் பார்க்கவே இல்லை. படத்தின் ஓரங்களைப் பார்த்தார். "ஸ்த்ரேசா. நல்ல ஊரு. ஆனா ஓட்டலுக்கும் ஏரிக்கும் நடுவுல ரோடு ஓடும். மதாம் தண்ணிய பாக்கணும்னா மொதல்ல லாரிய பாக்கணும்." மதாம் என்று அவர் சொன்னது அஞ்சலையை. அடுத்ததை எடுத்தார். "பெல்லாஜியோ. அழகு. எல்லாம் படிக்கட்டு. மதாமுக்கு முட்டி வலி தானே?" அடுத்தது. "லிமோனே. இங்க பின்னால செங்குத்தா மலை. மத்தியானம் சாயறதுக்குள்ள சூரியன் அந்தாண்ட போயிடும். அப்புறம் அவங்க போர்வைக்குள்ள, நீ பாருக்குள்ள."

ஆறையும் அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப எந்த ஊருதான் போறது?"

"ஊரு இருக்குது. நான் சொல்லமாட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"ஓட்டல மட்டும் பாத்தா போதுமா? போற ஆள பாக்க வேணாமா? பதினெட்டு வருஷம் பாத்தவன் நான். வருவாங்க, ஜோடியா. மூணாம் நாளு அந்த அம்மா மட்டும் தனியா தண்ணிய பாத்துகினு உக்காந்திருக்கும். புருஷன்காரன் என்னாண்ட வந்து, இந்த ஓட்டலு வெலைக்கு வருமான்னு கேப்பான். நீ அந்த ரகம், தம்பி."

"நானா?"

"நாளைக்கு ஊசுட்டேரிக்கு வா. மதாமும் நீயும் கரையில ரெண்டு மணி நேரம் உக்காருங்க. போன் கூடாது. எந்திரிக்கக் கூடாது. யாவாரம் பேசக் கூடாது. உக்காந்துட்டேன்னா ஊரு பேரு சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாடி கட்டியவனுக்கு உட்கார்வதா கஷ்டம்?

மறுநாள் காலை ஊசுட்டேரிக் கரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அஞ்சலை புதுப் புடவை கட்டி, கொண்டையில் பூ வைத்திருந்தாள். தண்ணீர் பளபளவென்று இருந்தது. பறவைகள் இருந்தன. காற்று அடித்தது. எல்லாம் சரி. ஆனால் பின்னாலிருந்த டீக்கடையின் கூரைத் தகடு அந்தக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். வாஷரே போடாமல் ஆணி அடித்திருக்கிறான்! ஹார்டுவேர்ஸ்காரன் கண்ணெதிரில்! பத்து நிமிஷம் பல்லைக் கடித்தேன். பதினோராவது நிமிஷம் டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்று, தகட்டைப் பிடிக்கிற ஜே போல்ட்டு எப்படிப் போடவேண்டும் என்று அந்தக் கடைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

கீழே வலீஸ் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சலை பாயைச் சுருட்டினாள்.

அடுத்த வாரம் மறுபடி போனோம். இந்தத் தடவை நான் டீக்கடைக்கு முதுகு காட்டி, கடப்பாரை மாதிரி உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம்! அஞ்சலைகூட மெதுவாக என் பக்கம் திரும்பி, "பரவாயில்லையே" என்றாள். அப்போது வலீஸ் அண்ணன் சாப்பாட்டு அடுக்கை நகர்த்தி வைக்கப் போனார். பழக்க தோஷம், ஒரு தூக்குத் தூக்கினார். நின்றுவிட்டார்.

"மதாம், உள்ள இன்னா வச்சீங்க?"

"புளிசாதம், வடகம். அவ்ளோதான்ணா."

"இது புளிசாதத்து எடை இல்லையே."

அடுக்கைப் பிரித்தார். மேல் தட்டில் வடகம். நடுத்தட்டில் சாதம். அடித்தட்டில் என் செல்போன். பிரிக்கவும் அது அடிக்கவும் சரியாக இருந்தது. சிமெண்ட் லோடு வந்துவிட்டதாம்.

வீட்டுக்கு வந்தோம். அஞ்சலை வாசலில் செருப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாக, அரிசி தீர்ந்துவிட்டது என்பது போலச் சொன்னாள்.

"வேணாங்க. எந்த ஏரியும் வேணாம். நான் மட்டும் போயி புள்ளைய பாத்துட்டு வந்துடறேன். நாப்பது வருஷமா உக்காராத ஆளு, நான் ஆசப்பட்டதுக்காவ உக்காந்துடுவீங்களா? கடைய பாத்துகினு சொகமா இருங்க."

சுகமாக இருக்க முடியவில்லை. கடையில் நின்றேன். மூன்று மாடியும் ஏறி இறங்கினேன். நாலு நாள் அப்படியே ஏறி இறங்கிவிட்டு, ஐந்தாம் நாள் விடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் வலீஸ் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். "வாங்கண்ணே, ஏரிக்கு. நான் மட்டும்தான்."

செல்போனைக் கடையிலேயே பூட்டிவிட்டேன். கரையில் உட்கார்ந்தேன். அவர் பின்னால் நின்றுகொண்டார். முதல் அரை மணி நேரம் என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. இல்லாத எறும்பெல்லாம் கடித்தது. தகடு படபடத்தது, திரும்பவில்லை. எதிரே ஆழமில்லாத தண்ணீரில் கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. வேறு வழியில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச்சுத் துணைக்காவது இருக்கட்டும் என்று, "நீங்களும் உக்காருங்கண்ணே" என்றேன்.

"பழக்கமில்ல தம்பி."

"இன்னாண்ணே பழக்கம்? பதினெட்டு வருஷம் ஏரிக்கரையில இருந்தவரு நீங்க."

"இருந்தேன். உக்காரல." என் தலைக்கு மேலிருந்து குரல் மட்டும் வந்தது. "கடைசியா வேல செஞ்ச ஓட்டலு வாசல்ல ஒரு பெஞ்சு. ஏரிய பாத்தாப்புல. எதிர்ல சின்னதா ஒரு தீவு. வரவங்க உக்காரத்தான் அது. வேலைக்காரங்க உக்காரக் கூடாது. அவங்க பெட்டிய வச்சுட்டு, பெஞ்ச தொடச்சு வுட்டுட்டு, இதோ இப்படித்தான் பின்னால நிப்பேன். உக்காந்து பாத்தா அந்தத் தீவு எப்படித் தெரியும்னு எனக்குத் தெரியாது."

நான் திரும்பவில்லை.

இரண்டு மணி நேரம் முடிந்து வீட்டுக்குப் போய் அஞ்சலையிடம் சொன்னேன். நம்பவில்லை. "அப்படியா? ஏரியில இன்னா பாத்தீங்க?"

"கொக்கு."

"கொக்கு எந்தக் கொளத்துலயும் நிக்கும்."

"ஒத்தக் கால்ல நின்னுச்சு. ஒன்ற மணி நேரம் கழிச்சு கால மாத்துச்சு. மாத்தும்போது லேசா தடுமாறுச்சு. யாராச்சும் பாத்தாங்களான்னு இந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிச்சு."

அஞ்சலை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "இத கத கட்ட உங்களால முடியாது" என்றாள். உள்ளே போய் மகளுக்குப் போன் போட்டாள்.

அன்று சாயங்காலம் வலீஸ் அண்ணன் ஊர் பெயர் சொன்னார். ஓர்தா. மற்ற ஏரிகளுக்கு முன்னால் அந்த ஊர் ஏரி ஒரு கிண்ணம். ஊருக்குள் வண்டி வராது. ஏரி ஓரமாக நடக்க ஒரு படியும் ஏற வேண்டாம். மேற்கே பார்த்த கரை, சாயங்காலம் வரை வெயில் இருக்கும். ஓட்டலில் பன்னிரண்டே அறை, சரவிளக்கு கிடையாது. "மூணாம் நம்பர் வேணாம், அடியில சமையக்கட்டு. ஏழாம் நம்பர் கேளு" என்றார்.

ஆனி மாதத்தில் போனோம். மருமகன் காரில் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விட்டார். எத்தனை மாடி என்று சகலை போனில் கேட்டதற்கு, "ரெண்டு" என்று நானே என் வாயால் சொன்னேன். வாசலில் அந்த பெஞ்சு இருந்தது. எதிரே தீவு இருந்தது. அஞ்சலை முட்டியைத் தடவிக்கொண்டே போய் நடுவில் உட்கார்ந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

"இன்னாங்க, இவ்ளோ இடம் கெடக்குது, இப்படி ஒட்டிகினு வரீங்க? பாக்கறாங்க."

"தள்ளி உக்காரு. அண்ணனுக்கு இடம் வேணும்."

பத்து நாளும் அப்படித்தான் உட்கார்ந்தோம்.

திரும்பி வந்து, தீவு எப்படித் தெரிந்தது என்பதை அவரிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். நின்றுகொண்டேதான் கேட்டார். இப்போது அவர் இல்லை. ஆனால் எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், எல்லாப் பெருமையும் அவருக்குத்தான் போகிறது. ஊரைச் சொன்னது வலீஸ் அண்ணன், அறையைச் சொன்னது வலீஸ் அண்ணன், இந்த மனுஷனையே மாற்றியது வலீஸ் அண்ணன் என்கிறாள் அஞ்சலை. இருக்கட்டும், எல்லாம் அவருக்கே. ஆனால் அந்த பெஞ்சில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டது என் சொந்த யோசனை. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த ஒன்றை மட்டும் என் பெயரில் எழுதிவிடுங்கள்.