பொய் அலாரமும் பழம்பொரியும்

எனக்கு மின்சாரத்தைப் பற்றிப் பாதி தெரியும். ஒன்றுமே தெரியாதவன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவான். முழுக்கத் தெரிந்தவன் ஒழுங்காகச் செய்துவிடுவான். வீட்டைக் கெடுப்பது பாதி தெரிந்தவன்தான். தபாலில் ரேடியோ பாடம் படித்து ஆறாவது பாடத்தோடு நிறுத்தியவன் நான். (வேலை செய்யும்போது மெயினை அணைக்க வேண்டும் என்பது ஏழாவது பாடத்தில் இருந்திருக்கும்.)

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி நாலு மாதம். நாகர்கோவிலில் குமாஸ்தாவாக இருந்த நான், மனைவி சரோஜாவுடன் திருவனந்தபுரத்து மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் முழுக்கக் கேட்கும் தெருவில் வீடு. மாமனாருக்குப் பழவங்காடியில் பாத்திரக்கடை. அந்த மாதம் தெருவில் ஒரு வீட்டில் வெண்கல உருளி களவு போயிருந்தது. எதிர்வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்த அலாரப் பெட்டியை வாசல் சுவரில் மாட்டினார். அதில் ஒரு சிவப்பு விளக்கு மின்னி மின்னி மறையும். மாமனார் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அலாரமே வேண்டாம் மாமா, வெறும் பெட்டியும் விளக்கும் போதும். கள்ளன் என்ன திறந்தா பாக்கப்போறான்?" என்றேன்.

மாமனார் என்னை மரியாதையோடு பார்த்தார். அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பார்வையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே என்ற கவலை அப்போதே என்னைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் அவர் கடைக்குப் போனதும் ஆரம்பித்தேன். பிஸ்கட் டின்னுக்கு வெள்ளை பெயின்ட் அடித்தாயிற்று. கள்ளன் மலையாளியோ தமிழனோ தெரியாததால் 'அலாரம்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய நாற்பது வாட் பல்பு. அது மின்னுவதற்காக, டியூப்லைட் ஸ்டார்ட்டர் ஒன்றை இடையில் கோத்தேன். மிச்சமிருந்தது கரண்ட். வாசல் பக்கம் பிளக் எதுவும் இல்லை. சுவரில் இருந்தது காலிங்பெல் ஸ்விட்ச் மட்டும்தான். அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே இரண்டு ஒயர். இரண்டு ஒயர் இருந்தால் கரண்ட் இருக்கும், கரண்ட் இருந்தால் பல்பு எரியும். ஆறு பாடத்துக்கு அவ்வளவுதான் அறிவு.

பல்பின் ஒயர்களை அவற்றோடு தொடவைத்துப் பார்த்தேன். விளக்கு கொஞ்சம் மங்கலாக, ஆனால் அழகாக மின்னியது. ஸ்டூலிலிருந்து இறங்கி நின்று ரசித்துக்கொண்டிருந்தபோது சரோஜா காப்பியோடு வந்தாள். நான் கேட்கவில்லையே என்று தோன்றினாலும் குடித்தேன். பெட்டியை நிமிர்த்தி மறுபடி தொடவைத்தேன். ஏத்தன்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வந்தது. ஆணியை இறுக்கிவிட்டு மறுபடி தொடவைத்தேன். இன்னொரு தட்டுப் பழம்பொரியும் மோரும் வந்தன. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசமாட்டார், கதவுக்குப் பின்னால் நின்று மகள் வாயால்தான் எல்லாம். அவர் அனுப்பியதைத் தொடாமல் திருப்பினால் வருஷக்கணக்கில் பேச்சு வரும். ஆகவே ஸ்டூலின் மேல் நின்றபடி தின்றுகொண்டே இருந்தேன். என்ன அன்பான குடும்பம் என்று நெஞ்சு நிறைந்தது, வயிறு அதற்கு முன்பே நிறைந்துவிட்டது. இவர்களுக்கு நான் விளக்கை எரியவிடும் நேரம் எப்படித் தெரிகிறது என்பது மட்டும் புரியவில்லை.

ஆறாவது தட்டோடு வந்த சரோஜாவின் கண் கலங்கியிருந்தது.

"ஒரு காரியம் வேணும்னா உள்ள வந்து கேக்கப்பிடாதா? இப்பிடியா நிறுத்தாம பெல் அடிக்கது? அம்மைக்கு நிக்க நேரமில்ல, கேட்டேளா."

"நான் பெல்லே அடிக்கலியே."

"பின்ன ஆரு அடிச்சா?"

தெருவில் என்னைத் தவிர ஒரு பசுமாடு நின்றது. பெல் இருப்பது நாலு கட்டு தாண்டி அடுக்களையில், பஸ் சத்தத்தில் எனக்கு அது கேட்கவே இல்லை. நான் சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. கோபத்தில் ஒயரை நிரந்தரமாக முறுக்கிவிட்டு, நியாயம் கேட்க அடுக்களைக்கு நடந்தேன். அங்கே தொடுவாரில்லாமல் பெல் விட்டு விட்டு அலறிக்கொண்டிருந்தது. மாமியார் கரண்டியைப் பிடித்தபடி அதையே பார்த்து நின்றார். நானும் பார்த்தேன். பாதி படித்தவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மாமனார் ஸ்விட்சை அமுக்கினார். விளக்கு அணைந்தது, பெல் நீளமாக அடிக்கிறது என்று நடுக்கட்டில் நின்ற சரோஜா கத்தினாள். கையை எடுத்தார். விளக்கு மின்னியது, பெல்லும் கூடவே துள்ளுகிறது என்றாள். மூன்று தடவை செய்து பார்த்துவிட்டு ஒயரைப் பிடுங்கினார். வீடு அமைதியானது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: யாரும் ஸ்விட்சைத் தொடாமலே, என் பல்பு வழியாகப் பெல்லுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் சோதித்த ஒவ்வொரு தடவையும், பசி பொறுக்காதவனைப் போலப் பெல்லடித்திருக்கிறேன்.

"கள்ளன் பயப்படுகானோ இல்லியோ," என்றார் மாமனார், "பழம்பொரி தின்னாம போகமாட்டான்."

கூனிக் குறுகி நின்றேன். அப்போது மாமியார் வழக்கத்தை மீறிக் கதவுக்கு முன்னால் வந்தார். என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்:

"மருமகனே, ஏத்தன்பழம் தீந்துபோச்சு."

பெட்டி விளக்கில்லாமல் பல வருஷம் சுவரில் இருந்தது. கள்ளன் வரவில்லை. போன மாதம் எங்கள் புது மருமகன் வீட்டுக்கு வந்து, அவசரமாக இரண்டு தடவை பெல் அடித்தார். கதவைத் திறந்த சரோஜா என்னைப் பார்த்தபடியே அவரிடம் சொன்னாள்: "ஒரு தடவை அடிச்சாப் போதும், மாப்பிளே. ரெண்டு தடவை அடிச்சா நான் எண்ணெச்சட்டி வச்சிருவேன்."