கொட்டில் கதவில் வாசித்தது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் தன் சொந்தக் கையால் எழுதுவது. நீங்களும் மகளும் குழந்தைகளும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதப் பழகி வைத்திருந்தேன். இப்போது எழுத முடியவில்லை.

ஆட்டுக்கொல்லி நோய் வந்து நம் பட்டியையே துடைத்துப் போனதும், உங்கள் மாமியார் சட்டாம்பிள்ளை என்று கூப்பிடும் கிடா மட்டும் ஒரு தும்மல்கூடப் போடாமல் நின்றதும் உங்களுக்குத் தெரியும். ஆராய்ச்சி நிலையத்து டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, நோய் அண்டாத குணம் இதோட மரபணுவிலேயே இருக்கும் போலிருக்கு. கொஞ்ச நாள் எங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். நீங்களும் போனில் "குடுங்க மாமா, நல்லதுக்குத்தான்" என்றீர்கள். நானும் கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டுக் கொடுத்தேன். இன்று பார்க்கப் போனால், கிடாவைக் குளிப்பாட்டித் தனிக் கொட்டிலில் விட்டிருக்கிறார்கள், கதவில் சாக்பீஸால் என்னமோ எழுதியிருக்கிறது. யாரையும் கேட்காமல் எழுத்துக் கூட்டினேன். ப, லி, கி, டா. தடங்கலில்லாமல் வாசித்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம்தான் வாசித்தது என்னவென்று உறைத்தது. உள்ளே தீவனம் வைப்பவர் கொண்டைக்கடலையை அள்ளிப் போட்டு, "நல்லா தின்னு ராசா, நாளைக்கு உனக்குத்தான் நாள் குறிச்சிருக்கு" என்று முதுகைத் தடவுகிறார். டாக்டரம்மாவைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். உங்கள் மாமியார் கேட்டுவிட்டு, "படிக்கத் தெரியாம இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு பேரும் நிம்மதியா சாப்பிட்டிருப்போம்" என்று சொல்லி அடுப்பை அணைத்துவிட்டாள். நோயே தொடாத உயிரை நான் கையெழுத்துப் போட்டுக் கொன்றுவிட்டேன் மாப்பிள்ளை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இது வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், இருந்தாலும் உடனே புறப்பட்டு வாருங்கள்.

குழந்தைகளுக்கு என் ஆசி. அழுதுகொண்டே கொடுத்தாலும் ஆசி ஆசிதான்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: எழுதி முடிப்பதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. டாக்டரம்மாவே போன் செய்தார். "ஏங்கய்யா சொல்லாம போயிட்டீங்க?" என்றார். காரணத்தைச் சொன்னதும் சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. "அது பலி இல்லைங்கய்யா, பொலி. பொலி கிடான்னா இனவிருத்திக்கு விடுற கிடா. உங்காளு கதவுல உரசி, ரெண்டு கொம்பும் பட்ட இடத்துல எழுத்தோட கொம்பும் காலும் அழிஞ்சு போச்சு. காலையிலதான் பெட்டைங்களோட சேர்த்தோம். பொறக்கற குட்டிக்கும் அந்த குணம் வருதான்னு பாக்கணும்" என்றார். ஆகவே வர வேண்டாம். என் முதல் கடிதம், கிழிக்க மனம் வரவில்லை. மேலே உள்ள துக்கத்தை விட்டுவிடுங்கள். எழுத்து எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.