பெரிய மாமா வேட்டியில ஒட்டின பேர்ப்பலகை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு பிளாஸ்டிக் பலகையோட ஓரத்தைத் துடைக்கணும். அவ்வளவுதான்.

எண்பதுகளோட கடைசி அது. மலேசியாவுல, கோலா சிலாங்கூர் டவுன்ல பேர்ப்பலகை செய்யற ஒரு சீனர் கடையில நான் வேலை பார்த்தேன். மேல நீலம், உள்ள வெள்ளைன்னு ரெண்டு அடுக்கு பிளாஸ்டிக். மேல் அடுக்கு போன இடத்துல எழுத்து வெள்ளையா தெரியும். வெட்டறதுக்கு மட்டும் கடை முதலாளி தவுக்கே கோலாலம்பூருக்கு அனுப்புவாரு. அங்க புதுசா லேசர் மெஷின் வந்திருந்துச்சு. சூட்டுல வெட்டறதால, திரும்பி வர்ற பலகையோட ஓரமெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும். அதைத் துடைக்கறதுதான் என் உத்தியோகம்.

எங்கப்பா தோட்டத்துல மண்டோர், அதாவது கங்காணி. அங்க என்ன சொல்லி வெச்சிருந்தாரு தெரியுமா?

"என் பொண்ணு லேசர்ல வேலை செய்யுது!"

அந்த லேசரை நான் கண்ணால கூடப் பார்த்ததில்லங்க.

அந்த ஞாயித்துக்கிழமை ராசாங்கற ஊர்ல இருந்து என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. மாப்பிள்ளை பேரு குணா, ரவாங்ல ஃபேக்டரி வேலை. அதுக்கு முன்னாடி ரெண்டு இடம் வந்து, கேசரிய வழிச்சுத் தின்னுட்டு, "சொல்லி அனுப்புறோம்"னு போனாங்க. போனவங்க போனவங்கதான். இதுவும் தட்டிப்போச்சுன்னா அம்மா தாங்கமாட்டாங்க. நானும் தாங்கமாட்டேன். போட்டோவுல பார்த்தே எனக்கு அவரைப் பிடிச்சுப்போச்சு. வெளிய சொல்லல, அவ்வளவுதான்.

அப்பா ஒரே பிடிவாதம். "வர்றவங்க பார்க்கிற மாதிரி வாசல்ல நம்ம பேர் இருக்கணும். உன் கடையில செஞ்சு கொண்டா!"

தவுக்கே நல்ல மனுஷன். சும்மாவே செஞ்சு கொடுத்தாரு. அப்பா பேரு, 'மண்டோர் சின்னையா'ன்னு இங்கிலீஷுல, பளிச்சுன்னு. கையில கொடுக்கும்போது விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாரு. "சரசு, ஆயிர் சாபுன் சஜா! தின்னர் ஜாங்ஙான்!"

சோப்புத் தண்ணி மட்டுந்தான், தின்னர் கூடவே கூடாது. தினம் நான் செய்யற வேலை. எனக்குத் தெரியாதா?

ஞாயித்துக்கிழமை காலையில தலைக்குக் குளிச்சு, சேலைய நாலு தரம் கட்டி அவுத்து, ஒரு வழியா பலகை ஞாபகம் வந்தப்போ மணி மூணு. நாலு மணிக்கு அவங்க வர்றாங்க. பின்னாடி ஓடிப்போய் பைப்பைத் திறந்தேன்.

புஸ்ஸு. வெறும் காத்து!

எங்க தோட்டத்து லயத்துல தண்ணி காலையில வரும், அப்புறம் சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தான். பீப்பாயில பிடிச்சு வெச்ச தண்ணியில கை வெச்சேன்.

"தொட்டே, கைய முறிச்சுடுவேன்!" அம்மா சத்தம் போட்டாங்க. "வர்றவங்களுக்கு டீ போட வேணாமாடி?"

அப்பத்தான் என் கண்ணுல அது பட்டுச்சு. அப்பா ஜன்னலுக்குச் சாயம் அடிச்சுட்டு மிச்சம் வெச்ச தின்னர் டின்னு. ஒரே ஒரு சொட்டு போட்டா என்ன ஆயிடப்போவுதுன்னு நெனைச்சேன். சனியன் என் தலை மேல உக்கார்ந்துக்கிட்டு அப்படி நெனைக்க வெச்சுது!

துணியில நனைச்சு ஒரு இழுப்பு. பிசுபிசுப்பு போகல. ஓரமே குழைஞ்சுபோச்சு. துணி ஒட்டிக்கிச்சு. துணியைப் பிய்ச்சா விரல் ஒட்டிக்கிச்சு.

அம்மா எட்டிப் பார்த்தாங்க. "இதுக்கா இப்படி முழிக்கிறே? பவுடர் போடு, ஒட்டாது."

முகத்துக்குப் போடற பவுடரை எடுத்து அவங்களே தூவுனாங்க. ஓரம் மாவு பிசைஞ்ச மாதிரி ஆச்சு. எழுத்துக்குள்ள எல்லாம் பவுடர். சரி, அதோட விட்டாங்களா?

"புதுப் பொருளை வெறுமனே மாட்டக்கூடாதுடி." சந்தனத்தைக் குழைச்சு நாலு மூலையிலயும் வெச்சு, அதுக்கு மேல கையைத் தாராளமா விட்டுக் குங்குமம். அது வழிஞ்சு ஓரம் பூரா செவப்பு. என்னைவிட அந்தப் பலகைக்குத்தான் அலங்காரம் ஜாஸ்தி.

காஞ்சுடும்னு நம்பினேன். அப்பா வாசல்ல மாட்டிட்டாரு. அவங்களும் வந்துட்டாங்க.

மாப்பிள்ளை, அவங்கம்மா, அப்புறம் தாய்மாமன். எல்லாரும் அவரைப் 'பெரிய மாமா'ன்னாங்க. அவர் சொல்றதுதான் அந்த வீட்டுல சட்டமாம். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, நறுக்குன்னு மீசை. சிரிப்புன்னா என்னன்னு கேக்கிற முகம்.

நான் டீ கொடுத்துட்டு நின்னேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கல. வாசலுக்குப் போய்ப் பலகையைக் கழட்டிக்கிட்டு வந்து பெரிய மாமா கையில கொடுத்தாரு.

"பாருங்கண்ணே! நம்ம பொண்ணு செஞ்சது. லேசர்!"

பெரிய மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "ம்ம்"னாரு. அதை மடியில வெச்சுக்கிட்டு டீயைக் குடிக்க ஆரம்பிச்சாரு. "கொடுங்க மாமா, வெச்சுடறேன்"னு கை நீட்டினேன். "இருக்கட்டும்மா"ன்னுட்டாரு.

கால் மணி நேரம் உக்கார்ந்தாரு. அது கால் வருஷம் எனக்கு. கடைசியா டம்ளரைக் கீழ வெச்சு, தொண்டையைச் செருமிக்கிட்டு சொன்னாரு.

"சரி மண்டோர். வீட்டுல கலந்துக்கிட்டு சொல்லி அனுப்புறோம்."

போச்சு! அம்மா முகம் சுருங்கிப்போச்சு. எனக்கு அங்கேயே அழுகை முட்டிக்கிட்டு வந்துடுச்சு.

பெரிய மாமா எழுந்தாரு. பலகையும் கூடவே எழுந்துச்சு.

"இதை வாங்கிக்குங்க"ன்னு இழுத்தாரு. வரல. அப்பா வந்து இழுத்தாரு. வேட்டிதான் வந்துச்சு! பெரிய மாமா ரெண்டு கையாலயும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, "விடுய்யா! விடுய்யா!"ன்னு கத்தறாரு. அப்பா விட்டாரு. பலகை தொங்குச்சு.

"முருகா!" அம்மா வாயைப் பொத்திக்கிட்டாங்க.

ஒரு வழியா பிரிச்சா, வேட்டியில முன்பக்கம் சதுரமா ஒரு செவப்புக் கட்டம். நடுவுல நீலத் தீற்றல் வேற.

எல்லாரும் என்னையே பார்த்தாங்க. மாப்பிள்ளை மட்டும் பலகையைக் கையில எடுத்து மோந்து பார்த்தாரு.

"எதுல துடைச்சீங்க?"

"தின்னர்ல."

"இதுக்கு சோப்புத் தண்ணி போதுமே. எங்க ஃபேக்டரியில மெஷின் பேரெல்லாம் இந்தப் பிளாஸ்டிக்லதான். நீங்க லேசர்ல வேலை செய்யறதா சொன்னாங்க?"

"இல்லங்க. துடைக்கிற வேலைதான்."

"துடைக்கவும் தெரியலையே லா!"

நான் அழுதுக்கிட்டே சிரிச்சுட்டேன். அந்த நேரம் பார்த்து பின்னாடி பைப்பு கொறகொறன்னு இருமி, தண்ணி கொட்ட ஆரம்பிச்சுது. அஞ்சு மணி!

மாப்பிள்ளை சட்டைக் கையை மடிச்சுக்கிட்டுப் போய் பைப்படியில குந்திட்டாரு. பழைய பிரஷ் கேட்டாரு, சோப்பு கேட்டாரு. பலகையையும் கழுவி, மாமா வேட்டியையும் கழுவிக் கொடியில போட்டாரு. கறை முழுசா போகல. பெரிய மாமாவுக்கு அப்பாவோட கட்டம் போட்ட கைலி.

"கைலியோட நான் பஸ் ஏறமாட்டேன்!"னு மாமா உறுதியா சொல்லிட்டாரு. வேட்டி காயணும். மழை வேற பிடிச்சுக்கிச்சு. அம்மா உடனே கோழி அடிச்சாங்க.

கைலியில உக்கார்ந்த மனுஷன் வேற ஆளாயிட்டாரு. பேச்சு வாக்குல பார்த்தா, இளவட்டத்துல அவரும் அப்பாவும் தோட்டத்துக் கணக்கு எழுதற ஒரே கிராணிகிட்டத் திட்டு வாங்கினவங்க! அந்தக் கிராணி நடக்கிற மாதிரி அப்பா நடந்து காட்ட, பெரிய மாமா தொடையைத் தட்டிச் சிரிக்கிறாரு. கோழிக் கொழம்பு ரெண்டு தடவை கேட்டு வாங்கிக்கிட்டாரு.

வேட்டி காஞ்சு, அவர் கட்டிக்கிட்டுக் கிளம்பும்போது, "தை பிறந்ததும் வெச்சுக்கலாம் மண்டோர்"னாரு.

அந்தப் பலகை ரொம்ப வருஷம் அப்பா வாசல்ல தொங்குச்சு, ஓரமெல்லாம் அலை அலையா.

கல்யாணம் ஆனதிலேர்ந்து எங்க வீட்டுல பாத்திரம் கழுவறது அந்த மாப்பிள்ளைதான். எனக்குத்தான் துடைக்கவே தெரியாதே!